பத்தொன்பது நிமிடம்

மரீன்யா கிராந்தெயில் மழை
பக்கவாட்டில் பெய்யும்.
கடலிலிருந்து பைன்காட்டைத் தாண்டி வந்து
தொழிற்கூடத்தின் தகரச் சுவரை அறையும்.
உள்ளே மூன்றாம் எண் எந்திரம்,
இருநூற்றைம்பது டன் பிடி.
வாய் திறக்கும்போதெல்லாம்
நான்கு கறுப்புக் கைப்பிடிகளைத் துப்பும்,
சவப்பெட்டிக்கு.

பதினோரு ஆண்டாக அதே நான்கு.
சனவரியில் மாமனாரைச் சுமந்தபோது
தெல்முவின் விரல்
விளிம்பில் ஒரு பிசிறைத் தடவியது.
துக்கத்தின் நடுவே,
பிடி அழுத்தம் போதவில்லை என்று நினைத்தான்.
பிறகு வெட்கப்பட்டான்.

சாவுத் தொழிலில் மந்தம் கிடையாது
என்பார் முதலாளி எவரிஸ்து.
ஊர் எரியூட்டலுக்கு மாறியது.
எரிகிற பெட்டிக்குக் கயிறு போதும்.
ஆர்டர் பாதியாயிற்று.
புது எந்திரத்துக்குக் கடன் கேட்டார்;
வங்கி காப்பி கொடுத்து அனுப்பியது.
இருக்கிறதற்கே இன்னும் பத்து வேலை
சொல்லிக்கொடுக்க முடியுமா
என்று சுல்மீராவிடம் வந்து நின்றார்.

"முடியும். முதலில் அது
மறக்கப் பழக வேண்டும்."

அச்சு மாற்ற நான்கு மணி பத்து நிமிடம்.
அளந்தது அவள்தான்.
கிரேன் வர நாற்பது.
சாவி தேட இருபத்தைந்து.
தண்ணீர்க் குழாய் எட்டையும் கழற்றி,
எது உள்ளே எது வெளியே என்று
தெல்மு தலையைச் சொறிய முப்பது.
சிகரெட்டுக்கு எவ்வளவு என்று எழுதவில்லை.
அதில் அவளுக்கும் பங்கு உண்டு.

தகட்டில் புதுத் துளைகள் போட்டாள்.
வருகிற அச்சுக்கெல்லாம் ஒரே அடித்தட்டு,
ஒரே இடுப்பளவு.
உள்ளே போகும் குழாய்க்கு நீலம்,
வெளியே வருவதற்குச் சிவப்பு,
ஒரு சொடுக்கில் பூட்டும் மூட்டு.
நடுவில் நிரந்தரமாய் ஓர் எஃகுக் கூடு;
கைக்கு அடங்கும் குழிகள்
மாறி மாறி அதில் வந்து உட்காரும்.
கூடு விட்டுக் கூடு பாயுமாம் உயிர்.
இங்கே கூடு நகரவில்லை.
உருவம்தான் வருகிறது, போகிறது.

முதல் சோதனை தோற்றது.
அச்சு மாறிவிட்டது,
குருணையை யாரும் உலர்த்தவில்லை.
நைலானுக்குத் தாகம் அதிகம்;
காற்றில் குடித்த ஈரத்தை
வெள்ளிக் கோடாய்க் காட்டிக்கொடுத்தது.
எண்பது டிகிரியில் நான்கு மணி நேரம்.
மிச்சம் பிடித்த நான்கு மணியும்
உலர்த்தியின் முன்னால் கழிந்தது.
எவரிஸ்து ஒன்றும் பேசவில்லை.
பேசியிருக்கலாம்.

இப்போது நாளைய குருணை
இன்றே சூட்டில் காத்திருக்கிறது.

செவ்வாய் இரவு இரண்டு மணிக்கு
கடைசிக் கைப்பிடி விழுந்தது.
இரண்டு பத்தொன்பதுக்குக்
குழந்தைக்குச் சோறூட்டும் கரண்டி.
இடையில், திருகின் தொண்டையைக்
கழுவுகிற குருணை கொட்டி,
பன்றிக்குடல் மாதிரி சுருண்டு விழுந்ததை
இடுக்கியால் அள்ளினார்கள்.
அப்படியும்
முதல் கரண்டி கறுப்பு.
ஏழாவது சாம்பல்.
இருபதாவதில் தலைமுடி போல ஒரே ஒரு கோடு.
முப்பத்தொன்றை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து,
"பால்" என்றான் தெல்மு.

முப்பதும் அரைவைக்குப் போக வேண்டும்.
இருபத்தொன்பதுதான் போயின.

காலையில் தொலைபேசி.
தேனீ வளர்ப்போர் சங்கமாம்;
ராணியை அடைத்து அனுப்பச் சிறு கூண்டு,
ஆறாயிரம், வசந்தத்துக்குள்.
அச்சு அவர்களிடமே இருக்கிறது,
எங்கோ தயங்கி நின்றுபோன ஆலையுடையது,
பழசு, கொஞ்சம் அகலம்.

காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தாள் சுல்மீரா,
கோடு விழுந்த கரண்டியால்.
"கொஞ்சம் என்றால்?"
ஐந்நூற்று அறுபது.
கம்பிகளுக்கு நடுவே ஐந்நூற்று எழுபது.
மழை எதிர்ச்சுவருக்கு மாறியிருந்தது.

"நுழையும்," என்றாள்.
"கொண்டுவரச் சொல்லுங்கள்.
சாய்த்து இறக்க வேண்டியிருக்கும்."